சாக்குத் தலைவர்

கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் செல்லசாமிக்குச் சாக்குத் தலைவர் என்று பெயர் விழுந்து இரண்டு வருடம் ஆகியும், அதை அவர் புகழ்ச்சி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நினைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தொண்ணூற்றாறாம் வருடம் அடைமழைக் காலத்தில், கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு சாக்கு ஆபீசிலிருந்து வாங்கிக் கொடுத்தார். உண்மையில் உரம் வந்த வெற்றுச் சாக்குகளை எங்கே போடுவது என்று தெரியாமல் ஸ்டோரில்தான் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். தலைவர் போய்க் கேட்டதும் கும்பிடாத குறையாக அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். எப்படியோ, தொழிற்சங்கத் தலைவர் பதவிக்கு வந்த பிறகு அவர் செய்த ஒரே காரியம் அதுதான். அதனால் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சாக்குத் தலைவர் என்று கத்தும்போது திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

அவர்கள் சொல்வது அந்தச் சாக்கு இல்லை என்று அவருடைய மனைவி அழகம்மாதான் ஒரு நாள் கோபத்தில் உடைத்துச் சொன்னாள். செல்லசாமி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, தோட்டத்தில் படிப்பறிவு குறைவு, அதனால்தான் ஆட்களுக்குத் தலைமையின் கஷ்டம் புரிவதில்லை என்றார். அழகம்மா தேங்காய் துருவப் போய்விட்டாள்.

அவருடைய அப்பாதான் முன்பு தலைவர். அப்பா செத்ததும் அவருடைய கறுப்புக் கோட்டும் தலைவர் பதவியும் ஒரே வாரத்தில் மகனுக்கு வந்து சேர்ந்தன. கோட்டு கொஞ்சம் பெரிது. ஆனால் செல்லசாமிக்கு நன்றாகப் பேச வரும். மே தின மேடையில் இருபது நிமிடம் மூச்சு விடாமல் பேசுவார். அதே திறமையைத்தான் மற்ற நாட்களில் ஒன்றும் செய்யாமல் இருந்ததற்குக் காரணம் சொல்லவும் பயன்படுத்தினார். மழைக்காலத்துக் காரணங்கள், வெயில்காலத்துக் காரணங்கள், தேர்தல் காலத்துக் காரணங்கள் என்று தனித்தனியாக வைத்திருந்தார். ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகினால், தோட்டத்தை எடுத்த கம்பெனி புதிது. குழாயில் தண்ணீர் வராவிட்டால், தோட்ட மேனேஜரான துரை லீவு. எதற்கும் பொருந்தும் ஒன்றும் இருந்தது: "ஹட்டன்ல சொல்லியிருக்கேன்." ஹட்டன் சங்க ஆபீசில் யாரிடம் சொன்னார், அவர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் செல்லசாமிக்கே சிரமமாக இருந்திருக்கும்.

லயங்களுக்கும் பெண்கள் கொழுந்தெடுக்கும் ஏழாம் நம்பர் மலைக்கும் நடுவே ஓர் ஓடை. அதன் குறுக்கே மூன்று மரக்கட்டைகளைப் போட்டுப் பாலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றெட்டு சித்திரைக் கடைசியில் நடுக்கட்டையில் காளான் முளைத்தது. அந்த வழியே வேலைக்குப் போன காளியாயி அதைப் பறித்துக்கொண்டுபோய்க் கறி வைத்தாள். கறி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காளான் முளைக்கும் அளவுக்கு உளுத்த கட்டையில் தினமும் நான்கு தடவை ஏறி இறங்குகிறோமே என்று சாப்பிடும்போது அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற பெண்கள் எல்லோரும் சேர்ந்து செல்லசாமியைப் பிடித்துக்கொண்டார்கள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த துரைராசா மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், கடிதம் எழுதிக் கொடுத்தார். "நடுக்கட்டையானது நாளுக்கு நாள் நலிவுற்று" என்று தொடங்கிய அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது பெண்களில் இரண்டு பேருக்குக் கண் கலங்கியது, யாரோ வயதானவருக்கு உடம்பு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு. அறுபத்து நான்கு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். செல்லசாமி அதை மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தார். புதன்கிழமை பின்னேரங்களில் துரை ஆபீசில் உட்கார்ந்து தொழிலாளர் குறைகளைக் கேட்பார். அன்றைக்குக் கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

முதல் புதன்கிழமை துரைக்கு மூஞ்சி சரியில்லை. அடுத்த புதன் மழை. மூன்றாவது புதன் சங்கக் கூட்டம். அதற்கடுத்த வாரம் டயகமையில் இருக்கும் மச்சான் கல்யாணப் படம் பிடிக்கக் கோட்டைக் கடன் கேட்டு வாங்கிப் போனான். கோட்டோடு கடிதமும் டயகமைக்குப் போய், மாப்பிள்ளைக் கோலத்தில் நின்று, மடிப்பில் வெற்றிலைக் கறையோடு திரும்பி வந்தது. கறை படிந்த கடிதத்தை ஒரு துரை கையில் எப்படிக் கொடுப்பது? மாஸ்டரிடம் இன்னொன்று எழுதித் தரச் சொல்லலாம். ஆனால் முதலாவது என்னவாயிற்று என்று மாஸ்டர் கேட்பார். அதனால் செல்லசாமி கோட்டை ஆணியில் மாட்டினார். யாராவது கேட்டால் விஷயம் மேலிடத்தில் இருக்கிறது என்றார். கோட்டு ஆணியில் தொங்கியதால் அது பொய்யும் இல்லை.

ஆடி மாதம் முதல் வாரம். விடியற்காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. கூடையோடு பாலத்தில் முதலில் ஏறியவள் வேலாயி. கீழ்ப் பிரிவில் அவளைப்போல் கொழுந்தெடுக்கவும் ஆளில்லை, அவளைப்போல் வாய் பேசவும் ஆளில்லை. வயது ஐம்பது. நடுக்கட்டை சத்தமே போடாமல் இரண்டாக முறிந்துவிட்டது. எட்டடி கீழே, கல்லில் விழுந்தாள். கூடை ஓடையோடு போயிற்று. தொடையெலும்பு உடைந்துவிட்டது.

கம்புகளில் சாக்கைக் கட்டி அவளைப் பாதைவரை தூக்கிப் போனார்கள். செல்லசாமி ஓடி வந்து முன்பக்கக் கம்பைத் தோளில் வாங்கிக்கொண்டார். அதை மறுக்க முடியாது. மேடேறும்போது வேலாயி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"லெட்டர் குடுத்தியா தலைவரே?"

"குடுத்தேன்க்கா. தொரைதான் கண்டுக்கல."

யோசித்துச் சொன்ன பொய்யில்லை. தும்மல் வருவதுபோல வந்துவிட்டது. வேலாயி கண்ணை மூடிக்கொண்டாள். லொறி அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது.

மறுநாள் ஒரு பெண்ணும் கூடையைத் தொடவில்லை. எண்பது, தொண்ணூறு பேர் ஆபீசுக்கு முன்னால் ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். செல்லசாமி கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். முதல் அரை மணி நேரம் அவருடைய வாழ்க்கையிலேயே நல்ல நேரம் என்று சொல்லலாம். லெட்டர் கொடுத்தும் துரை கண்டுகொள்ளவில்லை என்று அவர் பேசினார், கூட்டம் முழங்கியது, கண்டாக்கு என்கிற வெளிக்கள உத்தியோகத்தர் குடைக்குள் ஒடுங்கி நின்றார். பிறகு துரை வெளியே வந்தார். ஹேரத் துரை தமிழ் பேசுவார். ஆனால் வேலை வாங்குவதற்காகக் கற்ற தமிழ் என்பதால் அதில் 'போ', 'வா', 'செய்' தவிர அதிகம் இல்லை. எனக்கு லெட்டர் வரவில்லை, யார் கொடுத்தது, யார் கையில் கொடுத்தது என்று கேட்டார். கேட்கும்போது செல்லசாமியின் கண்ணை நேராகப் பார்த்தார்.

உங்கள் கையில்தான் கொடுத்தேன் என்று அந்தக் கண்ணைப் பார்த்துச் சொல்ல செல்லசாமிக்குத் தைரியம் வரவில்லை. அங்கே இல்லாத ஒரு கை தேவைப்பட்டது.

"கிளாக்கரய்யா கையில குடுத்தேங்க" என்றார்.

கிளாக்கர் றமணன் அப்போது உள்ளே தட்டச்சுச் செய்துகொண்டிருந்தான். இருபத்து நான்கு வயது. யாழ்ப்பாணத்தில் போரில் வீடு போய், தாயையும் தங்கையையும் வவுனியாவில் ஒரு முகாமில் விட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து இந்த வேலைக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. துரை கூப்பிட்டதும் வந்தான். வரும் கடிதங்களைப் பதியும் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினான். "அப்பிடி ஒரு கடிதமும் வரேல்லை, சேர்" என்றான். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. துரைக்கு வழி கிடைத்துவிட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை, கடிதத்தைத் தொலைத்தது கிளாக்கர் என்றால் கிளாக்கர் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்தார். பெண்கள் கைதட்டினார்கள்.

வேலைக் கடிதம் கையில் இல்லாமல் ஒரு யாழ்ப்பாணத்து இளைஞன் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம்கூடப் பொலிஸ் பிடிக்காமல் நிற்க முடியாத காலம் அது. செல்லசாமிக்கு அது தெரியும். தெரிந்ததால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், வேலைக் கடிதம் போனால் என்ன, படித்த பையன், எங்கேயாவது பிழைத்துக்கொள்வான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அழகம்மா சோற்றுத் தட்டை வைத்தாள். பக்கத்தில் வெற்றிலைக் கறையோடு கடிதத்தையும் வைத்தாள். கோட்டைத் துடைத்து மாட்டுவது அவள்தான். அது எங்கே இருக்கிறது என்று ஒன்பது வாரமாக அவளுக்குத் தெரிந்திருந்தது.

செல்லசாமி சொல்லத் தொடங்கினார். துரையின் மூஞ்சி, மழை, சங்கக் கூட்டம், மச்சான், வெற்றிலை, மாஸ்டர் என்ன நினைப்பார், இப்போது சொன்னால் சங்கத்துக்கு என்ன ஆகும், கம்பெனிக்கு எவ்வளவு வசதியாகிவிடும். கட்டை உளுத்ததற்கு அவரா காரணம்? மழையா அவர் பெய்யவைத்தது? அழகம்மா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நானும் இன்னைக்கு அந்தப் புள்ளையப் போகச் சொல்லிக் கத்துனேன். லெட்டர் இங்க தொங்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டே கத்துனேன்" என்றாள். "நாளைக்கு இத நான் கொண்டுபோய்க் குடுக்கவா, நீங்க குடுக்குறீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

செல்லசாமியின் தட்டில் சோறு ஆறிப்போய்விட்டது.

காலையில் ஆபீஸ் வாசலில் முந்தைய நாளைவிடக் கூட்டம் அதிகம். றமணன் ஏற்கெனவே பையைக் கட்டிக்கொண்டு வந்து படியில் நின்றான். செல்லசாமி கோட்டைப் போடவில்லை. கடிதம் கையில் இருந்தது. பேச வாயைத் திறந்ததும் பழக்கம் முந்திக்கொண்டது. ஒரு தலைவனுடைய பாதை கரடுமுரடானது என்றார். அந்தப் புதன்கிழமை துரையின் மனநிலையை நாம் கவனிக்க வேண்டும் என்றார். அதற்கடுத்த புதன்கிழமை பெய்த மழையைப் பற்றிச் சொல்லி, டயகமையை நெருங்கிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த காளியாயி வானத்தைப் பார்த்தாள்.

"தலைவரே, இப்பவும் மழ வரப்போகுது. சீக்கிரம் சொல்லுங்க."

செல்லசாமி நிறுத்தினார். கடிதத்தை விரித்துப் பிடித்தார்.

"நான் குடுக்கல. ஒம்பது வாரமா என் கோட்டுலதான் இருந்துச்சு. கிளாக்கரய்யா மேல பொய் சொன்னேன். வேலாயி அக்காகிட்டயும் பொய் சொன்னேன்."

இவ்வளவு சின்னப் பேச்சை அவர் அதுவரை பேசியதே இல்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கொழுந்துக் கூடை பறந்து வந்தது. குறி தவறிக் கண்டாக்கின் தலையில் விழுந்தது. அவர் என்ன பாவம் செய்தார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. துரை சிரித்துவிட்டார். லெட்டர் வரவில்லை, அதனால் கம்பெனி மேல் குற்றமில்லை, எல்லாரும் மலைக்குப் போ என்றார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு எழுந்தார்கள். இரண்டு நாள் கத்திய கத்தெல்லாம் வீணாகிவிட்டது. அதைவிட, ஒன்றும் அறியாத ஒருவனைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள்.

செல்லசாமியின் கால்களும் வீட்டுப் பக்கம்தான் திரும்பின. பெரிய காரியம் செய்தாயிற்று, இனிக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. நல்ல காரணம்தான். பத்தடி நடந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். உண்மையைச் சொன்னதில் கிளாக்கர் பிழைத்தான், சரி. பாலத்தில் இன்னமும் இரண்டு கட்டைதான் கிடக்கிறது. அவர் திரும்பி வந்தார்.

"லெட்டர் குடுக்காதது என் தப்புங்க. கட்ட உளுத்தது தொரைக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்றார் துரை.

"ஏழாம் நம்பர் மலைக்குத் தொரை எந்தப் பாதையில வர்றீங்க?"

மோட்டார் சைக்கிளில், பெரிய பாதையைச் சுற்றி வருவதாகத் துரை சொன்னார். பாலம் இருக்கும்போது ஏன் மூன்று மைல் சுற்றுகிறீர்கள் என்று செல்லசாமி கேட்டார். துரை யோசிக்காமல், பாலம் சரியில்லை என்று கண்டாக்கு சொன்னார் என்று சொல்லிவிட்டார். கண்டாக்கு தலையைத் தடவிக்கொண்டார். எழுந்து போன பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்து நடந்ததைக் காளியாயி பல வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மரம் வெட்டக் கொழும்பு ஆபீசின் அனுமதி வேண்டும் என்றார் துரை. செல்லசாமிக்கு அது எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. ஹட்டனில் சொல்லியிருக்கிறேன் என்கிற அவருடைய சொந்தச் சரக்குதான் துரையின் களிசானைக் காலில் மாட்டிக்கொண்டு வந்து நின்றது. அந்தச் சரக்கின் ஓட்டை எது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? கொழும்பில் யாரிடம் கேட்டீர்கள், எந்தத் தேதி எழுதினீர்கள் என்று கேட்டார். துரை இன்னும் எழுதவில்லை. மழை விடட்டும் என்றார். மழை விட்டு எத்தனையாவது நாள் என்று கேட்டார் செல்லசாமி. இஞ்சினியர் வந்து பார்க்க வேண்டும் என்றார் துரை. அவர் பெயர் என்ன, போன் எடுக்கலாமா, கிளாக்கரய்யா எடுத்துக் கொடுப்பார் என்றார் செல்லசாமி. சில காரணங்களை யார் என்று கேட்டால் விழுந்துவிடும், சிலவற்றை எப்போது என்று கேட்டால் விழுந்துவிடும், சிலவற்றுக்குக் காட்டுங்கள் என்று சொன்னால் போதும். பத்து வருடம் தானே செய்து விற்றவர் அல்லவா? குரலை உயர்த்தாமல், மேடைப் பேச்சு ஒரு சொல் இல்லாமல், ஒவ்வொன்றாகக் கேட்டார்.

கடைசியில் துரைக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. வெள்ளிக்கிழமை வேலை தொடங்கும் என்று அந்த வெற்றிலைக் கறைக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். றமணன் பையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய் முத்திரையை எடுத்து வந்து, தேதியோடு அதன்மேல் ஓங்கிக் குத்தினான். பழைய தண்டவாளத் துண்டுகளைப் போட்டு, மேலே கொங்கிரீட் ஊற்றி, ஆவணி முடிவதற்குள் பாலம் வந்துவிட்டது.

ஆனால் அதற்காக யாரும் செல்லசாமிக்கு மாலை போடவில்லை. துரைக்கு முன்னால் தப்பை ஒத்துக்கொள்வது சங்கத்தின் வரலாற்றிலேயே இல்லாத வழக்கம் என்று ஹட்டனிலிருந்து வந்தவர் ஏசிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், தானே விலகிக்கொள்வதாகச் செல்லசாமி சொன்னார். அப்படி விட முடியாது என்று பெண்கள் கைதூக்கி வாக்கெடுத்து விலக்கினார்கள். காளியாயி தலைவரானாள். அவள் முதலில் போட்ட உத்தரவு, செல்லசாமி புதன்கிழமைகளில் தன்னோடு ஆபீசுக்கு வரவேண்டும் என்பது. துரை சொல்வதில் எது காரணம், எது சாக்கு என்று பிரித்துச் சொல்ல அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனார்.

றமணனிடம் மன்னிப்புக் கேட்கவும் போனார். அவன் தட்டச்சு இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்கள் உண்மையைச் சொன்னபடியாலை நான் இஞ்சை நிண்டன். சொல்லாட்டி இப்ப எங்க நிண்டிருப்பன் எண்டு யோசிச்சனீங்களோ?"

றமணன் கடைசிவரை அவரோடு ஆபீஸ் விஷயம் தவிர வேறு பேசவில்லை. இரண்டு வருடம் கழித்து வட்டவளைப் பக்கம் மாறிப் போனபோதும் சொல்லிக்கொள்ளவில்லை. அது அவன் உரிமை என்று செல்லசாமியும் விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் வேலாயி அரை மணி நேரம் ஏசினாள். செல்லசாமியின் அப்பா, அவருடைய கோட்டு, அவர் பிறந்த நேரம் ஒன்றையும் விடவில்லை. சிங்களத்தி நர்ஸ் ஓடி வந்து, நோயாளிக்கு என்ன செய்தாய் என்று செல்லசாமியைக் கேட்டாள். அவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், செய்தது நான்தான் என்றார். ஒரு தடவைகூட 'ஆனால்' என்று வாய் திறக்கவில்லை. நாக்கு நுனிவரை நாலைந்து தடவை வந்ததாக அழகம்மாவிடம் பிறகு சொன்னார். வேலாயியின் கால் கூடியது. ஆனால் கொஞ்சம் குட்டையாகக் கூடியது. அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போகவில்லை, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். தொட்டில் பிள்ளைகளையும் அதே வாயால்தான் அதட்டினாள்.

இரண்டாயிரத்தொன்றில் காளியாயி எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டாள். தேர்தல் வைத்தார்கள். ஏழு வாக்கு வித்தியாசத்தில் செல்லசாமி திரும்பத் தலைவரானார். அன்று பின்னேரமே வேலாயி காலை இழுத்து இழுத்து அவர் வாசலுக்கு வந்தாள்.

"நான் உனக்குப் போடல. தெரிஞ்சுக்க."

"சரிக்கா" என்றார் செல்லசாமி.

மூன்றாவது லயத்துக் கக்கூசுக்கு இரண்டு வருடமாகக் கதவு இல்லை, சேலையைக் கட்டிக்கொண்டு குந்துகிறோம் என்றாள் அவள். "அது வந்துக்கா..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். உள்ளே போய் அழகம்மாவின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தார். கதவு பதினோராம் நாள் வந்து சேர்ந்தது. நிலையில் பொருத்திப் பார்த்தபோது கீழே ஒரு முழம் குறைந்தது. தச்சன் பிழையா, ஸ்டோர் பிழையா என்று கூடியிருந்தவர்கள் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.

"அளவு எடுத்தது நான்தான்" என்றார் செல்லசாமி. பிறகு ஒரு பலகைத் துண்டு தேடப் போனார்.